பயந்தாங்கொள்ளி போன பயணம்

"என்னது... மோட்டார் சைக்கிள்லயா? ஆயிரம் கிலோ மீட்டரா? அதுவும் காட்டுல கூடாரம் போட்டுப் படுத்துக்கிட்டா? ஏங்கண்ணு, உனக்கென்ன பைத்தியமா பிடிச்சிருக்கு?"

உடுமலையிலிருந்து என் அம்மா போட்ட சத்தம், போன் இல்லாமலே அடிலெய்டு வரை கேட்டிருக்கும்! அம்மா சத்தம் போட்டதில் தப்பில்லை. ஏனென்றால் எங்கள் குடும்பத்தில் முதல் நம்பர் பயந்தாங்கொள்ளி நான்தான். கரப்பான்பூச்சிக்குப் பயம், லிஃப்டுக்குப் பயம், எல்லாவற்றையும் விட மோட்டார் சைக்கிளுக்குப் பயம்.

அந்தக் கடைசிப் பயத்துக்கு மட்டும் ஒரு காரணம் உண்டு. 2006-ல் பழனி ரோட்டில், இரண்டு வயது மகளை மடியில் வைத்துக்கொண்டு இவர் பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்து போனபோது, என் சேலைத் தலைப்பு பின் சக்கரத்தில் சுற்றிக் கொண்டது. ஒரே இழுப்பு! எனக்கு இடது கை எலும்பு முறிந்தது. குழந்தைக்கு மோவாயில் மூன்று தையல். எங்கள் இரண்டு பேர் தலையிலும் ஹெல்மெட் கிடையாது. சுவாமி காப்பாற்றினார் என்றுதான் சொல்ல வேண்டும். அன்றோடு சரி. பதினாறு வருஷம் இவர் பின்னால் நான் ஏறவே இல்லை. அந்த நாளைப் பற்றி நாங்கள் இருவரும் வாய் திறந்து பேசியதும் இல்லை.

2014-ல் ஆஸ்திரேலியாவுக்கு வந்தோம். இவருக்கு பஸ் பணிமனையில் மெக்கானிக் வேலை. 2022 தொடக்கத்தில் மகள் மேல் படிப்புக்காக மெல்போர்ன் போய்விட்டாள். வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. சாயந்திரம் ஐந்து மணி ஆனால் காபியைக் கலந்து வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன். பிள்ளைகளை வெளியூருக்கு அனுப்பிய சகோதரிகளுக்கு இது சொல்லாமலே புரியும்.

அந்தச் சமயத்தில்தான் இவர் ஹிமாலயன் வண்டி ஒன்று வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். "நம்ம சென்னைப் பக்கம் செஞ்ச வண்டி புள்ளே!" என்று அதைத் தடவிக் கொடுத்தபடி, "ஒரே ஒரு தடவை ஃபிளிண்டர்ஸ் மலைக்குப் போயிட்டு வரலாமா?" என்று கேட்டார். கேட்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. வண்டியைத்தான் பார்த்தார். அது என்னவோ என் மனசை அசைத்துவிட்டது. "சரி" என்று சொல்லிவிட்டேன். சொன்ன மறு நிமிஷமே வயிற்றைக் கலக்க ஆரம்பித்துவிட்டது!

மூட்டை முடிச்சு

மோட்டார் சைக்கிளில் இரண்டு பேரும் உட்கார்ந்து, கூடாரம், படுக்கை, அடுப்பு, தண்ணீர், சாப்பாடு எல்லாவற்றையும் ஏற்றுவதென்றால் லேசான காரியமா? பத்து நாள் தினமும் கட்டுவேன், அவிழ்ப்பேன். பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது கூட நான் இப்படித் திட்டம் போட்டதில்லை.

கடைசியில் எடுத்துக் கொண்டவை: இரண்டு கிலோவுக்கும் கொஞ்சம் கூடுதலான எடையில் ஒரு கூடாரம், காற்று ஊதும் மெத்தை இரண்டு, கம்பளிப் பை இரண்டு, கைக்கடக்கமான கேஸ் அடுப்பு, ஒன்றுக்குள் ஒன்று போகும் இரண்டு பாத்திரங்கள். சாப்பாட்டுக்குப் புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, வறுத்த ரவை, கெட்டி அவல், கடலை மிட்டாய். அவல்தான் எங்களுக்குக் கை கொடுத்தது. கொதிக்க வைக்காமலே வெந்நீரில் ஊறும். கேஸ் மிச்சம், பாத்திரம் கழுவும் தண்ணீர் மிச்சம். கனமான சாமான்களை அடியிலும் வண்டியின் நடுவிலும் வைக்க வேண்டும், பின்னால் உயரமாகக் கட்டினால் வண்டி தலை தூக்கும் என்று இவர் பாடம் நடத்தினார்.

கைபேசிக்கு மலைக்குள் பெரும்பாலும் சிக்னல் கிடைக்காது. அதனால் ஆபத்துக் காலத்தில் பொத்தானை அழுத்தினால் செயற்கைக்கோள் வழியாக மீட்புப் படைக்குத் தகவல் போகும் சின்னக் கருவி ஒன்றை வாடகைக்கு எடுத்து என் இடுப்புப் பையில் போட்டுக் கொண்டேன். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டுமே தொட வேண்டும்.

உடை விஷயத்தில்தான் கூத்து. நாற்பத்திரண்டு வயதில் முதல் முறையாகக் கால்சட்டை, முழங்கையில் பட்டை வைத்த கனத்த ஜாக்கெட், பூட்ஸ், ஹெல்மெட்! கண்ணாடியில் பார்த்தால் சந்திர மண்டலம் போகிற மாதிரி இருந்தது. மகள் வீடியோவில் பார்த்துவிட்டு, "அம்மா, சூப்பர்!" என்று சிரித்தாள். சிரித்தபோது மோவாயில் அந்தத் தழும்பு தெரிந்தது. நான் போனை வைத்துவிட்டு ஹெல்மெட் வாரை இன்னொரு முறை இறுக்கிக் கொண்டேன்.

கிளம்பும்போது நாங்கள் ஒரு ஒப்பந்தம் செய்து கொண்டோம். ஓடும் வண்டியில் பேச்சு காதில் விழாது. ஆகவே நான் தோளில் ஒரு தட்டு தட்டினால் 'மெதுவாக'. இரண்டு தட்டினால் 'உடனே நிறுத்து'. ஏன் எதற்கு என்று கேட்கக் கூடாது.

கோட்டுக்கு அந்தப் பக்கம்

அக்டோபர் மாதம் ஒரு நாள் காலை கிளம்பினோம். வெகு தூரம் கண்ணை மூடிக்கொண்டு கந்தர் சஷ்டி கவசம் சொன்னேன். கிளேர் பக்கம் வந்தபோதுதான் கண்ணைத் திறந்தேன். இரண்டு பக்கமும் திராட்சைத் தோட்டம், அப்புறம் கோதுமை வயல். காரில் போனால் ஜன்னலுக்கு வெளியே ஓடும் காட்சிதான். வண்டியில் போகும்போது வாசனை கூட வருகிறது! வெட்டிய புல், ஈர மண், ஆட்டுக் கொட்டில், யூகலிப்டஸ் எல்லாம் மாறி மாறி மூக்கில் ஏறின.

முதல் ராத்திரி சுமார் 330 கிலோ மீட்டர் தள்ளியுள்ள குவார்ன் என்ற சின்ன ஊரில். ஒரு காலத்தில் பெரிய ரயில் சந்திப்பாக இருந்த ஊர். இன்றைக்கும் பழைய நீராவி ரயிலைத் தொண்டர்கள் ஓட்டிக் காட்டுகிறார்கள். அங்கே குவாண்டாங் என்ற பழத்தை வைத்துச் சுட்ட பணியாரம் மாதிரி ஒன்று சாப்பிட்டோம். நல்ல புளிப்பு. நம் சந்தன மரத்துக்கு உறவுக்கார மரமாம் அது!

மறுநாள் குவார்னிலிருந்து ஹாக்கர் போகும் வழியில், ஆளரவமே இல்லாத வெட்டவெளியில் கல் கட்டடங்கள் இடிந்து கிடந்தன. பெயர் கன்யாகா. நம் 'கன்யகா' மாதிரி ஒலித்தாலும் அது இந்த மண்ணின் பழங்குடிப் பெயர். 1850-களில் ஏற்பட்ட பண்ணை. உச்சத்தில் எழுபது குடும்பங்கள் இருந்தனவாம். 1860-களின் நடுவில் வந்த பஞ்சத்தில் ஆடுகள் ஆயிரக்கணக்கில் செத்தன. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகப் பண்ணையே காலியாகிவிட்டது. அடுப்பங்கரைச் சுவரில் கணப்பு வைத்த இடம் மட்டும் கரி படிந்து அப்படியே நிற்கிறது. எந்தப் பெண்மணி அங்கே ரொட்டி சுட்டாளோ, குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சினாளோ!

அந்தப் பஞ்ச காலத்தில், 1865-ல் ஜார்ஜ் கோய்டர் என்ற நில அளவைத் தலைவர் குதிரையில் சுற்றி வந்து, மழை நம்பகமாகப் பெய்யும் பூமிக்கும் பெய்யாத பூமிக்கும் நடுவே வரைபடத்தில் ஒரு கோடு போட்டார். 'இதற்கு வடக்கே பயிர் வைக்காதீர்கள்' என்பது அதன் பொருள். பிறகு சில வருஷம் நல்ல மழை பெய்யவே, 'ஏர் போகும் இடத்துக்கு மழை பின்னால் வரும்' என்று ஜனங்கள் கோட்டைத் தாண்டிப் போய் வீடு கட்டினார்கள், கோதுமை விதைத்தார்கள். மழை வரவில்லை. வழி நெடுகக் கூரையில்லாத வீடுகள்தான் அந்த நம்பிக்கைக்குச் சாட்சி.

கன்யாகாவை ஆரம்பித்த ஹியூ புரோபி பிரபு குடும்பத்துப் பிள்ளை. 1852 ஆகஸ்டில் புயல் மழையில் மாடுகளைத் திருப்பப் போனவர், வில்லோக்ரா ஓடையில் திடீரென்று வந்த வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போகப்பட்டார். வயது இருபத்து நாலு. மழையே இல்லாமல் அழிந்த ஊரை உண்டாக்கியவர் வெள்ளத்தில் போனார் என்றால் என்ன விந்தை! "பெத்தவளுக்குச் சேதி போய்ச் சேர எத்தனை மாசம் ஆச்சோ" என்றேன். இவர் ஒன்றும் சொல்லாமல் ஹெல்மெட்டை மாட்டிக் கொண்டார்.

மலையே ஒரு கிண்ணம்

ஹாக்கரில் பெட்ரோல் நிரப்பிக்கொண்டு இன்னும் சுமார் 55 கிலோ மீட்டர் போனால் வில்பீனா. அங்கே மலைத்தொடர் வட்டமாக வளைந்து ஒரு பிரம்மாண்டமான கிண்ணம் போல நிற்கிறது. நீளம் சுமார் 17 கிலோ மீட்டர், அகலம் சுமார் 8. காலையில் ஊதா, மத்தியானம் செங்கல் நிறம், சூரியன் மறையும்போது குங்குமம். நிறம் மாறுவதைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் அன்றைக்கு நான் போட்ட டீ ஆறிப் போய்விட்டது.

இந்த மண்ணுக்குச் சொந்தக்காரர்கள் அட்ன்யமத்தனா மக்கள். அவர்கள் இதை 'இகாரா' என்கிறார்கள். கூடும் இடம் என்று பொருள். 2016-ல் இந்தத் தேசியப் பூங்காவின் பெயரோடும் அதைச் சேர்த்தார்கள். சடங்குக்காக ஜனங்கள் கூடியிருந்தபோது அக்குரா என்ற இரண்டு பெரிய பாம்புகள் வந்து சுற்றி வளைத்துக் கொண்டன, அவற்றின் உடம்புதான் இந்த மலைச்சுவர் என்பது அவர்கள் கதை. 1,171 மீட்டர் உயரமுள்ள செயின்ட் மேரி சிகரம் அதில் ஒரு பாம்பின் தலை. ஆகையால் உச்சிக்கு மட்டும் ஏற வேண்டாம் என்று வருகிறவர்களைக் கேட்டுக் கொள்கிறார்கள். நாங்கள் ஏறவில்லை. கோயில் கோபுரத்தின் மேல் நாம் ஏறுவோமா, என்ன?

கிண்ணத்துக்குள்ளே நடந்து போனால் ஒரு சின்னக் கல் வீடு. ஹில் என்ற குடும்பம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே பயிர் செய்யப் பாடுபட்டது. மலையிடுக்கு வழியாகக் கஷ்டப்பட்டுப் பாதை போட்டார்கள். 1914-ல் வெள்ளம் வந்து பாதையை அடித்துக்கொண்டு போயிற்று. அதோடு விட்டுவிட்டுப் போனார்கள். இங்கே யாரைக் கேட்டாலும் கதை இரண்டுதான். ஒன்று தண்ணீர் வராத கதை, இன்னொன்று தண்ணீர் வந்த கதை.

இன்னொரு வேடிக்கை கேளுங்கள். மலைச்சரிவு முழுக்கச் சிவப்புச் சிவப்பாய்ப் பூத்துக் கிடந்த ஒரு செடியைக் குனிந்து பார்த்தேன். இலையைப் பார்த்ததும் தூக்கிவாரிப் போட்டது. நம்ம சுக்காங்கீரை! அப்பம்மா பருப்பில் போட்டுக் கடைவாரே, அதே கீரை. 1866-ஐ ஒட்டி, கராச்சியிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட ஒட்டகங்களைக் கப்பலில் இங்கே கொண்டு வந்தார்கள். ஒட்டகக்காரர்களும் கூடவே வந்தார்கள். பலுசிஸ்தான், பஞ்சாப், ஆப்கானிஸ்தான் பக்கத்து ஆட்கள். இந்தப் பாலைவனத்தில் சாமான் சுமந்தது அவர்கள்தான். அவர்களுடைய சேணத்துக்குள் அடைத்த புல்லோடு இந்த விதையும் வந்திருக்கும் என்று சொல்கிறார்கள். எங்கிருந்தோ வந்து இந்தக் கல் பூமியில் வேர் விட்டுச் சிரித்துக்கொண்டிருந்த அதைப் பார்த்ததும், 'நீயுமா!' என்று கேட்கத் தோன்றியது. பூங்காவுக்குள் எதையும் பறிக்கக் கூடாது என்பதால் கையைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

ரோட்டோரத்தில் ஈமு கோழி ஒன்று ஏழு குஞ்சுகளோடு போயிற்று. குஞ்சுகளுக்கு உடம்பெல்லாம் கோடு. "பாருங்க, தாய் எவ்வளவு ஜாக்கிரதையா கூட்டிட்டுப் போகுது" என்றேன். பக்கத்தில் நின்ற ஒரு வெள்ளைக்கார அம்மாள் சிரித்தபடி, அது தாய் அல்ல, தகப்பன் என்றார். ஈமுவில் முட்டையிடுவதோடு பெண்ணுக்கு வேலை முடிந்ததாம். ஆண்தான் எட்டு வாரம் ஏறக்குறையப் பட்டினியாக அடைகாத்து, அப்புறம் ஒரு வருஷத்துக்கும் மேலே குஞ்சுகளை வளர்க்கிறது. இதை நான் தமிழில் இவருக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். இரண்டு தடவை!

ஓடையின் கரையில்

நாலாம் நாள் தார் ரோட்டை விட்டு இறங்கி, பன்யரூ பள்ளத்தாக்கு வழியாக பிரச்சினா மலையிடுக்குக்குப் போனோம். சரளைக் கல் பாதை. வண்டி தத்தித் தத்திப் போகும்போது உயிர் போய் உயிர் வந்தது. சரளையில் முன் பிரேக்கை வெடுக்கென்று பிடிக்கக் கூடாது, டயரில் காற்றைக் கொஞ்சம் குறைக்க வேண்டும், பின்னால் இருப்பவர் மூட்டை மாதிரி அசையாமல், ஓட்டுபவரோடு ஒட்டியே சாய வேண்டும். இதெல்லாம் அன்றைக்கு நான் கற்றுக்கொண்ட வித்தைகள்.

இந்த மலையிடுக்கில் இருபது கிலோ மீட்டர் போவதற்குள் பூமியின் பதின்மூன்று கோடி வருஷத்துச் சரித்திரம் பாறை அடுக்குகளாகத் தெரிகிறது. நம் அலமாரியில் மடித்து வைத்த புடவைகள் மாதிரி ஒன்றின் மேல் ஒன்று! 1946-ல் ரெஜ் ஸ்பிரிக் என்ற இளம் புவியியல் அறிஞர், இந்த மலைத்தொடரின் மேற்குப் பக்கத்து எடியாகாரா குன்றுகளில், எலும்பும் ஓடும் தோன்றுவதற்கு முந்திய மெல்லுடல் பிராணிகளின் அச்சுகளைப் பாறையில் கண்டுபிடித்தார். முதலில் அதை யாரும் பெரிதாக எடுத்துக் கொள்ளவில்லை. 2004-ல் பூமியின் சரித்திரத்தில் ஒரு காலத்துக்கே 'எடியாகாரன்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அந்தக் காலம் எங்கே தொடங்குகிறது என்று காட்டும் வெண்கல வில்லை இங்கேதான் ஓர் ஓடைக்கரைப் பாறையில் பதித்திருக்கிறது. பாறை மேல் கழுத்தை நீட்டிப் பார்த்தது ஒரு மஞ்சள் கால் வாலபி. கங்காருவின் தங்கச்சி மாதிரி. வாலில் வளையம் வளையமாகப் புலிக்கோடு!

அன்று இரவு அரூனா பள்ளத்தாக்கில் கூடாரம் போட்டோம். நிழலாக இருக்கிறதே என்று பெரிய யூகலிப்டஸ் மரத்தடியில் போடப் போனவரை நான்தான் தடுத்தேன். அந்த மரங்கள் காற்றில்லாத நாளில் கூடக் கிளையை முறித்துப் போடும் என்று படித்திருந்தேன். இருட்டியதும் பாருங்கள், வானத்தில் நட்சத்திரம் வைக்க இடமில்லை. இவர் சொன்னார்: "இருபது வருஷத்துக்கு அப்புறம் நாம ரெண்டு பேரும் சும்மா உக்காந்து வானத்தைப் பாக்கறோம், இல்ல?"

நடுராத்திரி இடி. மழை கூடாரத்தைச் சடசடவென்று அறைந்தது. விளிம்பில் வழிந்த தண்ணீரைப் பாத்திரத்தில் பிடித்து வைத்தேன். மழைத் தண்ணீரை வீணாக்க மனசு வருமா நமக்கு? விடிந்தபோது வானம் கழுவி விட்டாற்போல் பளிச்சென்று இருந்தது. திங்கட்கிழமை இவருக்கு டியூட்டி. சீக்கிரமே மூட்டை கட்டிக் கிளம்பினோம்.

சில கிலோ மீட்டர்தான் போயிருப்போம். நேற்று உலர்ந்த கூழாங்கல்லாக நாங்கள் தாண்டி வந்த ஓடை, இன்று டீ நிறத்தில் சுழித்துக்கொண்டு ஓடிக் கொண்டிருந்தது. பத்துப் பன்னிரண்டு அடி அகலம்தான். ஆழம் தெரியவில்லை. இவர் வேகத்தைக் குறைத்து, கால்களை ஊன்றி, இஞ்சினை உறுமவிட்டார். போகப் போகிறார் என்று புரிந்தது.

தோளில் இரண்டு தட்டு தட்டினேன்.

இவர் திரும்பி, "முழங்கால் அளவுதான் இருக்கும். கெட்டியாப் பிடிச்சுக்க, ஒரே நிமிஷம்" என்றார்.

நான் இறங்கிவிட்டேன்.

"பயப்படாதே புள்ளே..."

"பயமாத்தான் இருக்கு. நான் வரலை. நீங்களும் போகக் கூடாது."

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. இவர் முகம் சுருங்கிவிட்டது. "சாப்பாடு ஒரு வேளைக்குத்தான் இருக்கு. நாளைக்கும் வடியலைன்னா என்ன பண்ணுவே?" என்றார். நான் பதில் பேசவில்லை. தண்ணீரின் விளிம்பில் ஒரு வெள்ளைக் கல்லை வைத்தேன். ஒரு ஜாண் மேலே இன்னொன்று. அதற்கு மேலே மூன்றாவது. "இந்தக் கல்லு சொல்லட்டும், ஏறுதா இறங்குதான்னு" என்று மேட்டில் போய் உட்கார்ந்தேன்.

அரை மணி நேரத்தில் முதல் கல் மூழ்கியது. ஒரு மணி நேரத்தில் இரண்டாவது கல். அப்புறம் ஒரு சத்தம் கேட்டது, லாரி வருகிற மாதிரி. மேலே எங்கேயோ பெய்த மழை அப்போதுதான் இறங்கி வந்தது. என் தொடை கனத்துக்கு ஒரு மரக்கட்டை, நாங்கள் வண்டியில் நின்ற இடத்தின் மேலேயே புரண்டு போயிற்று. மூன்றாவது கல்லையும் காணோம்.

இவர் வெகு நேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். கன்யாகாவில் பார்த்த அந்த இருபத்து நாலு வயசுப் பிள்ளை எங்கள் இருவர் மனசிலும் வந்து போயிருக்க வேண்டும். பிறகு மெல்லச் சொன்னார்:

"அன்னைக்கும் நீ 'மெதுவாப் போங்க, தலைப்பைச் சரி பண்ணிக்கறேன்'னுதான் சொன்னே. நாந்தான் கேக்கலை."

பதினாறு வருஷம்! அந்த ஒரு வார்த்தைக்கு நான் காத்திருந்தேன் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அழுகை வந்தது. ஹெல்மெட்டைக் கழற்றாமலே அழுதேன். அப்புறம் மூக்கைச் சிந்திக்கொண்டு, "பசிக்குதா?" என்று கேட்டேன். வேறென்ன கேட்பது?

திரும்பிப் போய் மேடான இடத்தில் மறுபடியும் கூடாரம் போட்டோம். நாலு கைப்பிடி அவல், கொஞ்சம் புளிக்காய்ச்சல், கடலை மிட்டாய். பிடித்து வைத்த மழைத் தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தோம். இடுப்புப் பையில் இருந்த கருவியைத் தொடவில்லை. சாப்பாடு குறைவதும் டியூட்டி தப்புவதும் உயிராபத்து அல்லவே!

மறுநாள் காலை பத்து மணிக்குப் பூங்காக் காவலரின் வண்டி வந்தது. ராத்திரியே பாதைகளை மூடிவிட்டார்களாம். தண்ணீர் வடிந்ததும் ஒவ்வொரு ஓடையாகச் சோதித்துக்கொண்டு வந்திருக்கிறார். நாங்கள் காத்திருந்ததைக் கேட்டு, "சரியான காரியம் செய்தீர்கள். ஒரு மணி நேர அவசரத்துக்கு உயிரை விட்டவர்கள் உண்டு" என்றார். இவர் என்னைக் காட்டி, "இவங்கதான் நிறுத்தினாங்க" என்றார். அந்த 'இவங்க' எனக்கு வைரத் தோடு மாதிரி இருந்தது.

மத்தியானம் ஓடையில் கணுக்காலுக்கும் கீழேதான் தண்ணீர். நான் முன்னால் நடந்து கல்லைக் காட்ட, இவர் பின்னால் மெல்ல ஓட்டிக்கொண்டு வந்தார். தார் ரோட்டுக்கு வந்து, சிக்னல் கிடைத்ததும் முதல் வேலையாகப் பணிமனைக்குப் போன் செய்து லீவு சொன்னார்.

அவசரத்துக்கு ஒரு பெட்டி

திரும்பும் வழியில் போர்ட் அகஸ்டாவில் தங்கியபோது, இந்த வட்டாரத்தில் குழந்தைக்கு ஜுரம் வந்தால் என்ன செய்வார்கள் என்று விசாரித்தேன். 1928-ல் ஜான் பிளின் என்ற பாதிரியார் பறக்கும் டாக்டர் சேவையை ஆரம்பித்தார். மின்சாரம் இல்லாத பண்ணைகளுக்காக, காலால் மிதித்தால் ஓடும் ரேடியோவை அடிலெய்டுக்காரர் ஆல்ஃபிரட் டிரேகர் 1929-ல் செய்து கொடுத்தார். தையல் மிஷினை மிதிப்பது போல மிதித்துக்கொண்டே டாக்டரோடு பேச வேண்டியது! மருந்துப் பெட்டியில் ஒவ்வொரு மருந்துக்கும் நம்பர். பெயர் வாயில் நுழையாவிட்டாலும், டாக்டர் சொல்லும் நம்பரை எடுத்துக் கொடுத்தால் போதும். இன்றைக்கும் தொலைவான பண்ணைகளில் நம்பர் போட்ட அந்தப் பெட்டி இருக்கிறது. நான் வீட்டுக்கு வந்ததும் எங்கள் மருந்து டப்பாவில் இருந்ததையெல்லாம் கொட்டி, காலாவதியானதை எறிந்து, பெரிய எழுத்தில் பெயரும் தேதியும் எழுதி ஒட்டினேன். ராத்திரி இரண்டு மணிக்குக் குழந்தை அழும்போது பதற்றத்தில் எந்தத் தாய்க்கு எழுத்து தெரியும்?

நீங்களும் கிளம்புவதென்றால்...

ஃபிளிண்டர்ஸ் மலைக்கு இல்லாவிட்டாலும் மருதமலைக்குப் போகும்போதாவது இவை உதவும்.

* வண்டியில் பின்னால் உட்காருகிறவருக்கும் ஹெல்மெட் அவசியம். தலைப்பு, துப்பட்டாவை இழுத்து முடிச்சுப் போட்டுச் செருகிக் கொள்ளுங்கள். சக்கரத்துக்கு வலை போடச் சொல்லுங்கள். ஆஸ்திரேலியாவில் எட்டு வயதுக்குக் குறைந்த குழந்தையைப் பின் சீட்டில் ஏற்றவே கூடாது. நம் நாட்டிலும் நாலு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஹெல்மெட்டும் பெல்ட்டும் போட வேண்டும், 40 கிலோ மீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது என்று 2022-ல் விதி வந்துவிட்டது.

* வழியில் கழிப்பறை இருக்காதே என்று தண்ணீர் குடிக்காமல் இருக்காதீர்கள். நம் பெண்கள் செய்யும் பெரிய தப்பு இதுதான். நீர்க்கடுப்பும் தலைவலியும் பயணத்தையே கெடுத்துவிடும்.

* ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை இறங்கி நடந்து, இடுப்பை நிமிர்த்திக் கொள்ளுங்கள். உதட்டுக்குத் தேங்காய் எண்ணெய் தடவினால் காற்றில் வெடிக்காது.

* அந்த மலைப் பக்கம் விடியலிலும் அந்தியிலும் வண்டி ஓட்டக் கூடாது. கங்காரு குறுக்கே பாயும். ஈக்கள் மொய்க்கும், முகத்துக்கு வலை வேண்டும். கோடை உஷ்ணம் தாங்காது, ஏப்ரல் முதல் அக்டோபர் வரைதான் நல்ல காலம்.

* ஓடும் வெள்ளத்தைத் தாண்டாதீர்கள். காரிலும் கூடாது, நடந்தும் கூடாது. காத்திருந்தால் வடிந்துவிடும்.

வீட்டுக்கு வந்து அம்மாவுக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பயந்தாங்கொள்ளியாப் பொறந்ததுக்கு இப்பத்தான் ஒரு பிரயோஜனம்!" என்றார். எனக்கும் அப்படித்தான் படுகிறது. பயத்தைத் தூக்கிப் போட்டால்தான் ஊர் பார்க்கலாம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அதையும் ஒரு சாமானாகக் கட்டி எடுத்துக்கொண்டு போகலாம், வேண்டிய இடத்தில் எடுத்து உபயோகிக்கலாம் என்று அந்த ஓடைக்கரையில்தான் கற்றுக்கொண்டேன்.

அடுத்த வருஷம் 2023-ல், எடியாகாரா அச்சுகள் நிறைந்த நில்பீனா பூமியைத் தேசியப் பூங்காவாகத் திறந்துவிட்டார்கள் என்று படித்தேன். அன்று சாயந்திரம் காபி கொடுக்கும்போது இவரிடம் கேட்டேன்: "அவல் எவ்வளவு வாங்கட்டும்?"